தர்பூசணிக் கூடைகள்

திருவேற்காடு
12-3-2025

அன்புள்ள திவி,

விஷாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? போனில் கேட்க வாய் வரவில்லை. கல்லூரியிலும் முக்கியமானதையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதித்தானே உன் பக்கம் தள்ளுவேன்.

உன் பாப்பாவின் பிறந்தநாளுக்குச் சாப்பாட்டு மேசைகளைக் குறைந்த செலவில் அழகாக்கித் தா என்றாய். தர்பூசணியைப் பாதியாக அரிந்து கூடையாக்கினேன். ஈர்க்குச்சிகளில் திராட்சையும் பூவும் மாற்றி மாற்றிக் கோத்து அதில் குத்தினேன். ரோஜா விலை கட்டவில்லை. அம்மா கோயில் வாசலில் விற்கும் செவ்வரளியையே எடுத்துவந்தேன்.

அம்மா அரளி மாலை கட்டி முடித்தால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சோறு பிசைவாள். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். அம்மனுக்குப் போகும் பூவை யார் வாயில் வைப்பார்கள் என்று இருந்துவிட்டேன். உன் நாத்தனார் பையன் விஷால் குச்சி குச்சியாக உருவித் தின்றிருக்கிறான்.

அவன் வாந்தி எடுத்ததும் உன் மாமியார், "ஊசிப்போன குருமாவ ஊத்திட்டு நிக்கிறான் பாரு" என்று சமையல்கார உத்தமன் அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, நானும் அதத்தான் துன்னேன், எனக்கு ஒண்ணும் ஆவலியே" என்றார் அவர். நான் பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரி வாசலில் உன் காதில் மட்டும்தான் சொன்னேன்.

வீட்டில் சொல்லிவிட்டாயா? உன் கண்ணாடிக் கிண்ணங்கள் ஆறும் என் பையோடு வந்துவிட்டன.

உன்
தாட்சு


காட்டுப்பாக்கம்
16-3-2025

என் தாட்சு,

விஷால் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டான். நேற்று சோபாவில் ஏறிக் குதித்தான். இனி பயமில்லை.

டாக்டரிடம் தனியாகத்தான் பூவைச் சொன்னேன். சாப்பிட்டதில் ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் பொதுவாகச் சொன்னதை எல்லோரும் குருமா என்று எடுத்துக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும். நான் காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். மூன்று வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் அத்தை என் கையால் காபி வாங்கிக் குடிக்கிறார். நாத்தனார் வேறு, "உன் ஃப்ரெண்டு பூ கட்றவங்க பொண்ணாமே" என்று ஒரு மாதிரி கேட்டாள். உத்தமன் அண்ணனுக்கு வேறு இடத்தில் ஆர்டர் வரும்.

எனக்காக இதை மறந்துவிடு. கிண்ணங்களை நிதானமாகக் கொண்டுவா, அந்தச் சாக்கிலாவது உன்னைப் பார்க்கலாம்.

உன்
திவி


திருவேற்காடு
25-3-2025

அன்புள்ள திவி,

உன் கடிதத்தைப் பத்து முறை படித்தேன்.

உங்கள் அடுக்குமாடியில் உத்தமன் அண்ணன் போட்டுவந்த ஞாயிறு டிபனை நிறுத்திவிட்டார்களாமே. அவர் எங்கள் அடுத்த தெருதான். நேற்றுப் போனேன். பெரிய இட்லிக் கொப்பரையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை.

"தெரியாம பண்ணிட்ட, சரி. எங்குருமாவ ஊசிப்போச்சுன்னு அந்தம்மா சொல்லச்சொல்ல நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?" என்றார்.

வீட்டில் படித்தவள் நான் ஒருத்தி. எதற்குப் படித்தேனோ. இன்று உங்கள் அடுக்குமாடிச் சங்கச் செயலாளர் சண்முகசுந்தரம் சாருக்குக் கடிதம் எழுதிப் போட்டுவிட்டேன். பூ என்னுடையது, தவறும் என்னுடையது என்று எழுதினேன். உனக்குத் தெரியும் என்று ஒரு வரிகூட இல்லை. கிண்ணங்களை வாட்ச்மேனிடம் கொடுத்தேன். மேலே ஏறிவரத் தைரியம் இல்லை.

கோபம் ஆறியதும் ஒரு வரி எழுது.

உன்
தாட்சு


காட்டுப்பாக்கம்
2-4-2025

தாட்சாயிணி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசித்துக் காட்டினார். ஞாயிறு டிபன் மறுபடி உத்தமனுக்கே போய்விட்டது.

எனக்கு முன்பே தெரியுமா என்று அத்தை கேட்டார். தெரியாது என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், காபியைக் குடிக்காமல் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

கிண்ணங்கள் ஆறும் சரியாக இருக்கின்றன. இனி நீங்கள் திருப்பித் தர வேண்டியது எதுவும் இல்லை.

இப்படிக்கு,
திவ்யா பரத்