இரண்டு சொட்டுத் தைலம்

ஜூன் 4

அன்புள்ள மருந்துக்கடைக்காரிக்கு,

நலமா என்று கேட்டால், கேட்க இப்போதுதான் நேரம் கிடைத்ததா என்பாய். ஆகவே கேட்காமல் கேட்கிறேன்.

காலையில் கண் விழித்ததும் தும்மல் தொடங்கிவிடுகிறது. மூக்கடைப்பில் வாசனை என்பதே மறந்துபோயிற்று. தையல்கடை முதலாளி, "ஏம்பா, இது மூக்கா, ஒழுகுற குழாயா?" என்கிறார். டாக்டர் அலர்ஜி என்று மாத்திரை தந்தார். போட்டால் மெஷின்மேலேயே தூங்கிவிடுகிறேன். ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் தைத்துவிட்டேன். உங்கள் ஆயுர்வேதத்தில் ஏதாவது உண்டா?

உன் தும்மல்காரன்

ஜூன் 10

அன்புள்ள தும்மல்காரருக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிய அன்று பஸ் ஏற்றிவிடக்கூட வராத கணவரைக் கடிதம் எழுத வைத்த மூக்குக்கு நன்றி.

எங்கள் கடை வைத்தியரைக் கேட்டுத் தைலம் அனுப்பியிருக்கிறேன். காலையில் ஆவி பிடித்துவிட்டு, தலையைச் சாய்த்துப் படுத்து மூக்கில் இரண்டிரண்டு சொட்டு. படுக்கப் போகுமுன் மஞ்சளும் மிளகும் போட்டுப் பால். மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். துணிப் பஞ்சுதான் காரணமாக இருக்கும். கடையில் மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள்.

வைத்தியர் என்னை இங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார். மாதக் கடைசியில் பதில் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள் மருந்துக்கடைக்காரி

ஜூன் 16

அன்புள்ளவளுக்கு,

அவசரத்தில் படித்து, தைலத்தைப் பாலில் கலந்து குடித்துவிட்டேன். வயிறு பட்ட பாட்டை எழுத முடியாது. இப்போது முறைப்படிதான் விடுகிறேன். தனியாளாக விட்டால் ஒரு சொட்டு கண்ணுக்குப் போகிறது, ஒன்று காதுக்கு. ஆனாலும் மூக்கு கொஞ்சம் திறந்திருக்கிறது.

ஒன்று கவனித்தேன். கடையில் தும்மலே இல்லை. எல்லாம் கட்டிலில்தான்.

மற்றதை யோசித்து எழுதுகிறேன்.

தும்மல்காரன்

ஜூன் 20

அன்புள்ளவருக்கு,

தைலம் குடித்த கதையைக் கேட்டு வைத்தியர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு உங்கள் வயிறு எப்படி என்று கேட்டார். நானும் கேட்கிறேன்.

கடையில் வராத தும்மல் கட்டிலில் வருகிறதென்றால், தலையணை பக்கத்தில் தூசி பிடித்த எதையோ வைத்திருக்கிறீர்கள். அது இருக்கும்வரை எந்த மருந்துக்கும் தும்மல் நிற்காது என்கிறார் வைத்தியர். என்ன அது?

என் கேள்வியையும் தூசி தட்டிப் பாருங்கள். எனக்கு நாள் இல்லை.

மருந்துக்கடைக்காரி

ஜூன் 25

அன்புள்ளவளே,

அது உன் பச்சைச் சால்வை. நீ விட்டுப்போனதிலிருந்து தலைமாட்டில் வைத்திருந்தேன். துவைத்தால் உன் வாசனை போய்விடும் என்று தண்ணீரே காட்டவில்லை. மூக்கு அடைத்திருந்தவரை அந்த வாசனை சால்வையில் இருக்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதம் வந்ததும் முகர்ந்து பார்த்தேன். உன் தைலம் நன்றாகவே வேலை செய்திருக்கிறது. வெறும் தூசி வாசனைதான் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து அழுதேன்.

துவைத்துக் காயப்போட்டுவிட்டேன். நீ வேலையை விட வேண்டாம். உனக்கு அது பிடித்திருக்கிறது என்று எனக்கு முதல் நாளே தெரியும். முதலாளியிடம் சொல்லிவிட்டேன், ஊசியும் நூலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். நீ வரச் சொன்னால் என் மெஷினோடு வருகிறேன்.

உன்னவன்

ஜூன் 29

அன்புள்ள என்னவருக்கு,

வைத்தியரிடம் சரி என்று சொல்லிவிட்டேன். ஜன்னலோரம் மெஷினுக்கு இடம் ஒழித்தாயிற்று. சால்வையை மறக்காமல் கொண்டுவாருங்கள். இங்கே காலையில் குளிர்கிறது.

இந்த முறை தைலம் அனுப்பவில்லை. இனி சொட்டை நானே விட்டுவிடுகிறேன்.

உங்களவள்