சொந்த ஊரில் குறைந்த வாக்கு

பீலெஃபெல்ட்,
ஞாயிறு பின்னேரம்

என் செல்ல மகள் பிரபாலினிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சுகம். ஹம்பேர்க்கில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்கு நித்திரை கொள்ளுகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். போனில் கதைத்தால் அப்பா பக்கத்தில் வந்து குந்திவிடுவார். வாட்ஸப்பில் எழுதினால் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு முதலில் என் போனைத்தான் எடுப்பார். இது அவர் வாசிக்கக் கூடாத சங்கதி.

எங்கள் தமிழ் மன்றத் தேர்தல் முடிந்தது. அப்பா தோற்றுவிட்டார். இனி நவரத்தினம் அண்ணைதான் தலைவர். பதறாதே, அப்பாவுக்கு ஒன்றும் இல்லை. நேற்று இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நீ ஆனா ஆவன்னா படித்த காலத்திலிருந்து அவர்தான் தலைவர். ஒவ்வொரு முறையும் யாராவது எழும்பி, "உருத்திரமூர்த்தி அண்ணையே இருக்கட்டும்" என்பார்கள், எல்லோரும் கை தூக்குவார்கள். அப்பா முதலில் என் கையைத்தான் பார்ப்பார். நானும் தூக்குவேன். இந்த முறை அப்படி முடியவில்லை, மகள். அப்பாவின் நெஞ்சுக்குள் குழாய் வைத்த பிறகு டொக்டர் சுமையைக் குறைக்கச் சொன்னது உனக்கும் தெரியும். அவருக்கு முன்னால் "ஓம் டொக்டர்" என்ற அப்பா, காருக்குள் ஏறியதும், "மன்றம் ஒரு வேலையே? பொழுதுபோக்கு" என்றார். நல்ல பொழுதுபோக்கு. மண்டபத்தைப் பூட்டித் திறப்பது, கதிரை அடுக்குவது, நடன ரீச்சர்மார் இரண்டு பேரின் சண்டை, எல்லாம் அவர் தலையில். கலைவிழா ஒத்திகையன்று படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார். கேட்டால் வடை தின்ற வாய்வாம். நானும் ஊதுகிற சங்கை ஊதிப் பார்த்தேன். அழுதேன், கோபித்துக்கொண்டு கதைக்காமலும் இருந்தேன். "நான் விட்டால் ஆர் பாக்கிறது?" என்ற ஒரே பதில்தான்.

இந்த முறை நவரத்தினம் அண்ணையும் பிருந்தனும் போட்டிக்கு நின்றார்கள். பாதிக்கு மேல் வாக்கு வேண்டும் என்பது மன்றத்தின் யாப்பு விதி. முதல் ஞாயிறு ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. அப்பா முன்னுக்கு, பிருந்தன் கடைசி. முதல் இரண்டு பேருக்கும் அடுத்த ஞாயிறு திரும்ப வாக்கெடுப்பு என்றார்கள். இது என் மகள் படிப்புக்காக ஆராய்கிற தேர்தல் தொகுதியில், ஜெர்மனியைக் கைசர் மன்னர் ஆண்ட காலத்திலேயே நடந்ததுதான் என்று நான் அங்கே பெரிய விளக்கம் கொடுத்தேன். கைசருக்குப் பக்கத்து வீட்டில் இருந்தவள் மாதிரிக் கதைக்கிறாய் என்று மன்றச் சமையலைப் பார்க்கிற புஷ்பராணி பகிடி பண்ணினாள்.

இந்த இரண்டாம் தரம் கை தூக்குவது வேண்டாம், கடித உறைக்குள் போடுவோம் என்று சொன்னதும் நான்தான். குசினித் திரைச்சீலையைக் கட்டி மறைப்புச் செய்தோம். பெட்டி இல்லை என்று புஷ்பராணி பெரிய சோற்றுப் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு நீ சொன்னது ஞாபகம் வந்தது. அந்தக் காலத்தில் சூப் பாத்திரத்துக்குள் வாக்குப் போடுவார்களாம், தாள்கள் போட்ட வரிசையிலேயே கிடக்க, யார் யாருக்குப் போட்டார் என்று முதலாளிமார் கண்டுபிடிப்பார்களாம். எண்ணுவதற்கு முன் அகப்பையை எடுத்து அடியில் கிடந்தது மேலே வரும்வரை ஒரு கிண்டு கிண்டினேன். சனம் சிரித்தது. அப்பாதான் எல்லோரையும் விடக் கூடச் சிரித்தார். "எல்லாம் என்ர மகளின்ர படிப்பு" என்று எல்லோருக்கும் சொன்னார்.

ஒரு வாக்கால் தோற்றார்.

அவர்தான் முதலில் எழும்பிப் போய் நவரத்தினம் அண்ணைக்குக் கை கொடுத்தார். மண்டபத் திறப்பைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது எனக்குத் தாங்கவில்லை. குசினிக்குள் போய் அழுதேன். நவரத்தினம் அண்ணை நல்ல மனுசன், உதவிக்கு வளர்ந்த மகன்மார் இருக்கிறார்கள், மன்றம் ஒன்றும் இடிந்து விழாது.

இப்போது தேத்தண்ணி குடிக்கிற நேரமெல்லாம் அந்த ஒருவர் யார் என்றுதான் கணக்குப் பார்க்கிறார். "வீட்டில ரெண்டு" என்று முதலில் இரண்டு விரலை மடக்குவார். பிறகு மற்றவர்களுக்குப் போவார். ஒரு நாள் பிருந்தனின் மாமனார், இன்னொரு நாள் தம்பித்துரை குடும்பம். மடக்கிய அந்த இரண்டு விரலையும் அவர் இன்னும் திறந்து பார்க்கவில்லை. நான் சீனி போடாத தேத்தண்ணியை முன்னால் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

இனி உன் விசயம். உன் ஆராய்ச்சியில் அந்தக் கைசர் காலத்து வேட்பாளரைப் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிடப் போகிறேன் என்று போன கிழமை சொன்னாய். முதல் சுற்றில் சொந்த ஊரே அவருக்கு வாக்குப் போட்டது, இரண்டாம் சுற்றில் அதே ஊரில் வாக்குக் குறைந்தது, அதனால்தான் தோற்றார், ஏன் என்று ஒரு பத்திரிகையிலும் இல்லை என்று சலித்துக்கொண்டாய். யாருடன் பகை, யார் காசு கொடுத்தார்கள் என்றே தேடுகிறாய். அவரை ஊருக்குப் பிடித்திருந்தது என்றும் நீதானே சொன்னாய்? வென்றால் பாராளுமன்றத்துக்கென்று பெர்லினுக்குப் போய்விடுவார், பிறகு வீட்டில் காணக் கிடைக்காது என்று யாராவது நினைத்திருக்கக் கூடாதா? அப்போது பெண்களுக்கு வாக்கு இல்லை என்கிறாய். சரி, ஒரு தம்பியாவது இருந்திருப்பான். அப்படிப்பட்டவன் அதைப் பத்திரிகையில் எழுதி வைப்பானா? அந்த அத்தியாயத்தை எடுக்காதே, மகள். அம்மா கேட்கிறேன்.

வருகிற சனிக்கிழமை உன்னிடம் வருகிறோம். அப்பாவே ரெயினுக்கு ரிக்கற் எடுத்துவிட்டார். எத்தனையோ வருசத்துக்குப் பிறகு அவருக்கு வேலையில்லாத சனிக்கிழமை. துறைமுகத்தில் கப்பல் பார்க்க வேண்டுமாம். அவர் மெதுவாகத்தான் நடப்பார், நீயும் மெதுவாக நட. கத்தரிக்காய்க் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறேன்.

வழக்கம்போல உன் தொகுதியைப் பற்றிக் கேட்பார். எல்லாவற்றையும் சொல்லு, அவருக்குச் சந்தோசம். சொந்த ஊரில் ஏன் வாக்குக் குறைந்தது என்று கேட்டால் மட்டும், இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லிவிடு, என் கண்ணே. நீ நீண்ட ஆயுளோடு இரு. அவரும் இருக்க வேண்டும்.

என்றும் உன்னை நினைத்திருக்கும்
அம்மா அம்பிகா