முதலையின் ஐந்து நாள் பட்டினி

நவம்பர் 19, ஞாயிறு

ஜிலி தூங்கிவிட்டாள். மூன்று வயதில் இன்றுதான் முதல்முறையாக அப்பாவின் படகில் பிதர்கனிகா அலையாத்திக் காட்டுக்குள் போனாள். பறவை பார்க்கக் கல்கத்தாவிலிருந்து வந்த நால்வரோடு, இடம் இருந்ததால் எங்களையும் ஏற்றிக்கொண்டார். நத்தைகுத்தி நாரை, மூன்று வகை மீன்கொத்தி, வடக்கேயிருந்து வந்திறங்கிய வாத்துக்கூட்டம். கல்லூரியில் படித்த பெயர்களையெல்லாம் நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஒரு மணி நேரத்தில் கொட்டாவி விட்டார்கள். முதலை எப்போது வரும் என்று கேட்டார்கள்.

ஓடை வளைவில் இவர் இன்ஜினைத் தணித்து, "ஆ... ஆ..." என்று குரல் கொடுத்தார். சேற்றில் கிடந்த பெரிய முதலை இறங்கி நேரே படகைப் பார்த்து வந்தது. எல்லாரும் படம் எடுக்கும் மும்முரத்தில் இருக்க, இவர் காலடியிலிருந்த வாளியைத் திறந்ததை நான் பார்த்தேன். கோழிக்குடல்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். மழை முடிந்ததிலிருந்து போடுகிறாராம்.

"நாரையைக் காட்டினா யாரு மறுபடி என் படகைத் தேடி வர்றா? நீ காலேஜுல படிச்சது வேற, இது வேற."

பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் படகால்தான் எங்கள் அடுப்பு எரிகிறது.

நவம்பர் 23

பஞ்சுக்கா தொடங்கிவிட்டது. பௌர்ணமியோடு முடியும் எங்கள் கார்த்திகை மாதத்தின் கடைசி ஐந்து நாள் புலால் விலக்கும் விரதம். கொக்குகூட மீனைத் தொடாது என்று நம்பும் ஊர் இது. கோழிக்கடை மூடிக்கிடக்கிறது. இவர் வாளியைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். பௌர்ணமி கழியும்வரை அதைத் தொடுவது பாவமாம். எனக்கு நிம்மதி.

நவம்பர் 25, சனி

ஜிலியைப் பக்கத்திலேயே படுக்கவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சாயங்காலம் இன்ஜின் சத்தம் கேட்டதும் ஜிலி எப்போதும்போல் படித்துறைக்கு ஓடினாள். பாதி வழியில் செருப்பு கழன்றது. அதை மாட்டிவிடப் பிடித்து நிறுத்தினேன். அவ்வளவுதான் நான் செய்தது. முதலைக்குப் பயந்து மூங்கில் வேலி போட்ட துறை. படகு நுழைய மட்டும் ஒரு திறப்பு உண்டு. படகு நுழைந்தது. பின்னாலேயே தண்ணீரில் ஒரு கோடு. அதுவும் நுழைந்தது. பக்கத்து வீட்டு சாபித்ரி அண்ணியின் ஆடு கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தது. ஒரே சத்தம். அப்புறம் வெறும் தண்ணீர்.

ஆடு. ஜிலி இல்ல, ஆடு. எத்தனை தடவை சொல்லிக்கிட்டாலும் — நான் அன்னைக்கே வாயைத் திறந்திருக்கணும்ல? படிச்சு என்னத்துக்கு?

நவம்பர் 26

இரண்டு நாளும் அது வளைவில் காத்திருந்ததாம். இவர் வெறுங்கையை விரித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறார். மூன்றாம் நாள் பசி பொறுக்காமல் பின்னாலேயே வந்துவிட்டது. இன்ஜின் சத்தம் ஜிலிக்கு அப்பா; அதற்குச் சாப்பாடு.

நாளை பௌர்ணமி. விடியலில் ஊரே பிள்ளைகளோடு அந்தத் துறையில் இறங்கி, விளக்கேற்றிய வாழைமட்டைப் படகு மிதக்கவிடும். ஏதோ வழிதவறி வந்த முதலை, போய்விட்டது என்றே ஊர் நினைக்கிறது. இன்றைக்கே போய் ஊரில் சொல்லுங்கள் என்றேன்.

"உரிமத்தைப் பிடுங்கிருவாங்க. நாளைக்கு அது வராமலும் போகலாம்ல?"

"வந்துச்சுன்னா, எந்தப் பிள்ளைக்கு வரும்?"

ஜிலியைப் பார்த்தார். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நானும் கூடப் போனேன். கோயில் முன்னால், எல்லாரும் இருக்கும்போது, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். யாரோ திட்டினார்கள். சாபித்ரி அண்ணி திட்டவில்லை.

"என் ஆட்டைக் கொன்னது உன் வாளியா, உன் விரதமா, நிமாய்?"



நவம்பர் 27

பிள்ளைகள் கோயில் குளத்தில் படகு விட்டார்கள். ஆற்றில் ஒருவரும் கால் வைக்கவில்லை. வன அலுவலகத்துக்கு இவரே போனார்; உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

டிசம்பர் 9

வேலியின் திறப்பை ஊரார் அடைத்துவிட்டார்கள். மூங்கில் அடித்தவர் இவர். நான் கொண்டுபோன பொரியை எல்லாரும் வாங்கினார்கள், சாபித்ரி அண்ணியைத் தவிர.

ஜனவரி 10, புதன்

முதலைக் கணக்கெடுப்புக்காகக் காட்டை மூடியிருக்கிறார்கள். ரேஞ்சர் இவருக்கு ஆளனுப்பினார். அந்த ஒன்றை மட்டும் பிடித்து அடைக்க வேண்டுமாம். ஒரு வாரமாக இரை வைத்தும் கிட்ட வரவில்லை. வேலிக்கு வெளியே கட்டிக் கிடந்த எங்கள் படகையே எடுத்துக்கொண்டு போனார்.

பொழுது சாயத் திரும்பினார். சோற்றில் கை வைத்தவர் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"யாரு கூப்பிட்டும் வரல. நான் 'ஆ'ன்னேன், வந்துடுச்சு. கழுத்துல சுருக்கு விழுந்தப்புறமும் என் கையைத்தான் பார்த்துக்கிட்டு இருந்துச்சு."

இனி சாகும்வரை தொட்டிதான் அதற்கு. நான் வேண்டிக்கொண்டது இதுதான். அழுகை எதற்கு வருகிறது என்று தெரியவில்லை.

ஜிலி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அதுக்குச் சாப்பாடு யாருப்பா போடுவா?"

இவர் எழுந்து கை கழுவப் போனார்.

"தினமும் போடுவாங்கடி," என்றேன் நான்.