உங்கள் உயரத்து அடுப்பு

நமஸ்காரம். மரியாதை இத்துடன் முடிந்தது.

மல்லேஸ்வரத்தில் தங்கை ருக்கு வீட்டுக்குப் போகிறேன். ராத்திரிச் சாப்பாடும் அங்கேதான். சாவி எதிர்வீட்டு லலிதம்மாவிடம்.

புதுச் சமையலறைக்குச் சின்ன காஸ் அடுப்பு போதும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கடைக்காரர் முன்னாலேயே, "அவளுக்கென்ன தெரியும்? இதையே அனுப்புங்கோ" என்றீர்கள். கீழே ஓவன் வைத்த அந்தப் பூதத்தை மேடைமேல் ஏற்றியாயிற்று. இப்போது பாத்திரத்தின் வாய் என் நெற்றிக்கு நேராக நிற்கிறது. ஆறடி மனுஷரான நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்து, "ஹைட் கரெக்ட்!" என்று வேறு சொன்னீர்கள். யாருக்குக் கரெக்ட்? இந்த ஜன்மத்தில் ஒரு நாளாவது ரசம் வைத்திருக்கிறீர்களா? நம் வீட்டில் ஓவனில் யார் கேக் சுடப்போகிறார்கள்? அப்பளக் கட்டை அதற்குள்தான் வைத்திருக்கிறேன்.

காலையில் மணை போட்டு ஏறி நின்றும் பால் பொங்கியது தெரியவில்லை. கையில் கொட்டிவிட்டது. அந்தக் கையால்தான் உங்களுக்குக் காபி கொடுத்தேன். நீங்கள் பேப்பரிலிருந்து தலை நிமிரவில்லை.

ஆறு மணிக்கு உங்கள் ஆபீஸ் வைத்தீஸ்வரனும் அவர் மனைவியும் அடுப்பைப் பார்க்க வருகிறார்கள். டிகாக்ஷன் இறக்கி வைத்திருக்கிறேன். பாலை நீங்களே காய்ச்சுங்கள். உயரம் உங்களுக்குச் சரியாகத்தான் இருக்கும்.

விசாலம்

முதலில் தீக்குச்சியைக் கிழியுங்கள், அப்புறம் குமிழைத் திருப்புங்கள். மாற்றிச் செய்து வைக்காதீர்கள்.

சுட்டுக்கொண்டால், பர்னால் களிம்பு அலமாரி மேல்தட்டில் நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறது. காலையில் எனக்கு எட்டவில்லை.