புறாக் கோபுரத்தில் சாய்த்த ஏணி

வில்நேர் கிராமம்,
1789 ஜூலை 5, ஞாயிறு.

என் அன்புக் கணவர் லெயோனாருக்கு, தொயினெத் எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். உங்கள் படையைப் பாரிஸுக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தியிருப்பதாகத் துணி வியாபாரி சொன்னார். உங்களுக்கு எழுத்து வராது என்பதால், இதைப் படித்துக் காட்டும் சார்ஜென்ட் ஐயாவுக்கும் என் வணக்கம். அவர் காதிலும் விழும், ஆகவே உங்களை எவ்வளவு தேடுகிறேன் என்று எழுதப்போவதில்லை.

போன ஆண்டு ஆலங்கட்டி மழை கோதுமையை அடித்துப் போட்டதிலிருந்து இந்த ஊரில் யாருக்கும் வயிறு நிறையவில்லை. ஒருநாள் கூலி ஒரு ரொட்டிக்கே சரியாகிவிடுகிறது. பிரபுவின் பங்கு, திருச்சபையின் பங்கு, அரசரின் வரி, உப்பு வரி எல்லாம் போக மிஞ்சியதை அரைக்கப் பிரபுவின் ஆலைக்குத்தான் போகவேண்டும். அங்கேயும் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். பிரபு மட்டும் ஏன் வரி கட்டுவதில்லை என்று கேட்க எனக்கு இத்தனை காலம் தோன்றவே இல்லை. இப்போது அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது.

மார்ச் மாதம் அரசர் எங்கள் குறைகளைச் சொல்லச் சொல்லி அனுப்பினாரே, அப்போது மாதா கோயிலில் ஊரே கூடியது. உங்கள் அம்மாவைத்தான் தெரியுமே, அத்தையும் எழுந்து பேசினார். விதைப்புக்கும் அறுப்புக்கும் பிரபு தன் புறாக்களை அடைத்து வைக்கவேண்டும் என்றார். அவை நம் வயலைத் தின்னலாம், நாம் கல்லை எறிந்தால் சிறை என்பது உங்களுக்குத் தெரியாததா? அரசரே வாய்விட்டுக் கேட்டுவிட்டார், நாமும் சொல்லிவிட்டோம், அப்புறம் என்ன, கொடுத்த மாதிரிதான் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டோம். பங்குச்சாமி மட்டும் இருமினார்.

கோதுமை முற்றிக்கொண்டு வரும் நேரம். செவ்வாய்க்கிழமை பிரபுவின் புறாக்கள் நம் வயலில் இறங்கின. சாயங்காலம் அவை கூட்டுக்குத் திரும்பியதும் அத்தை ஒரு கட்டு வைக்கோலை முதுகில் கட்டிக்கொண்டு ஏணியை எடுத்தார். பிரபுவின் புறாக் கோபுரத்துப் பொந்துகளை அடைக்கப் போவதாகச் சொன்னார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

கோபுர வாசலில் உங்கள் தம்பி ஆன்செல்ம் நின்றான். வேட்டைக் காவலனாகச் சேர்ந்தபோது பிரபு கொடுத்த பச்சைச் சட்டை, கையில் துப்பாக்கி. பக்கத்தில் பிரபுவின் காரியஸ்தர். யார் உத்தரவில் வந்தீர்கள் என்று காரியஸ்தர் கேட்டார்.

"ராஜா கேட்டாரு, நாங்க சொன்னோம். அவ்வளவு பெரிய மனுஷர் சும்மாவா கேட்டிருப்பாரு?" என்றார் அத்தை.

காரியஸ்தர் சுடச் சொன்னார். ஆன்செல்ம் துப்பாக்கியைத் தூக்கி எங்களுக்கு நேராகப் பிடித்தான். அத்தை பாட்டுக்கு நடந்துபோய் ஏணியைச் சுவரில் சாய்த்தார்.

"அதக் கீழ வச்சிட்டு வந்து ஏணியப் பிடிடா. மேல ஏறினா எனக்குத் தலை சுத்தும்னு தெரியாதா?"

அவன் துப்பாக்கியைப் புல்லின்மேல் வைத்துவிட்டு வந்து ஏணியைப் பிடித்தான். எவ்வளவு பெரிய விஷயம் எவ்வளவு சின்னதாக நடந்துவிட்டது!

மறுநாள் காலை வயலுக்குப் போனேன். தலைக்கு மேலே ஒரு சிறகுச் சத்தம் இல்லை. பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

அடைத்த புறாக்களுக்குத் தீனி வேண்டுமே. பிரபுவின் புறாக்கள் சாகக்கூடாது என்று காரியஸ்தர் எங்கள் கண்ணெதிரே பிரபுவின் களஞ்சியத்தைத் திறந்தார். ஆலங்கட்டியில் எல்லாம் போயிற்று என்று அவர் சத்தியம் செய்த அதே களஞ்சியம். உள்ளே கூரை முட்டக் கோதுமை! விலை இன்னும் ஏறட்டும் என்று வைத்திருந்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் நாம் புதைத்த பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். யாரும் கூச்சல் போடவில்லை. ஆண்கள் கோயிலுக்குள் நுழைந்ததுபோலத் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு வெட்கப்பட்டு மறுபடி போட்டுக்கொண்டார்கள். அந்தக் கதவைப் பூட்ட நாங்கள் விடவில்லை.

காரியஸ்தர் சிப்பாய்களைக் கூட்டிவர நகரத்துக்குக் குதிரையேறிப் போயிருக்கிறார். எந்தப் படை வரும் என்று இங்கே யாருக்கும் தெரியாது. ஆன்செல்ம் பச்சைச் சட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நம் வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுகிறான், போகட்டும்.

கடவுள் உங்களைக் காக்கட்டும். நீங்கள் எங்கே நின்றாலும், எதிரில் யார் நின்றாலும், உங்கள் கைகளையும் காக்கட்டும். ஏணி இன்னும் கோபுரத்தில்தான் சாய்ந்திருக்கிறது. காற்றில் வைக்கோல் விழுந்துவிடுவதால் அத்தை தினமும் ஏறுகிறார். ஒரு பக்கம் ஆன்செல்ம் பிடித்துக்கொள்கிறான். மறுபக்கம் பிடிக்க அவருக்கு இன்னொரு மகன் இருக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உங்கள்,
தொயினெத்.