தெரியாத நம்பர்

என் செல்ல மகளுக்கு,

உன் ஞானத்தாயிடம் கெஞ்சித்தான் இந்த விலாசத்தை வாங்கினேன்.

போனில் வந்த கள்ளனிடம் நான் ஏமாந்ததை அவர் சொல்லியிருப்பார். பரிசுக்கு ஆசைப்பட்டு வங்கியின் இரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டேன் என்று குருநகரில் கண்டவனெல்லாம் சிரிக்கிறான். சிரிக்கட்டும். அந்தக் கள்ளன் பரிசென்று சொல்லவே இல்லை. "உங்கடை மகள் பார்சல் அனுப்பியிருக்கிறா. போனுக்கு வந்த நம்பரைச் சொல்லுங்கோ" என்றான். கிழிசல் பொத்திக்கொண்டிருந்த வலையை அப்படியே போட்டுவிட்டு, ஒவ்வொரு எண்ணாக வாசித்துக் காட்டினேன்.

"தெரியாத நம்பரை எடுக்காதேங்கோ" என்று அம்மா கத்துகிறாள். நான் எல்லாவற்றையும் எடுக்கிறேன். உன் புது நம்பர் எனக்குத் தெரியாதே. "இனி இந்த வீட்டுக்குப் போன் எடுக்காதை" என்று உன்னிடம் சொன்னவனும் நான்தான்.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஓர் அழைப்பு. மறுமுனையில் பேச்சே இல்லை.

"சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

கள்ளனென்றால் போகட்டும். நீயென்றால் திரும்பவும் போன் எடு. நீ ஒன்றும் கதைக்காவிட்டாலும் நான் வைக்கமாட்டேன்.

உன் அப்பா