பூஞ்சணம் பிடித்த சரக்குத்தூள்

2006 ஒக்டோபர் 12, வியாழன். லாசால்.

பிள்ளை பிறந்த முப்பத்தொண்டு நாள் துடக்கு இன்னும் கழியேல்லை. எனக்குப் பத்தியக்கறிக்கு எண்டு மச்சாள், இவரின்ரை அக்கா, இண்டைக்கு மல்லி, மிளகு வறுத்திடிச்ச சரக்குத்தூள் கொண்டுவந்தா. மூடியைத் திறக்கவே ஈரச்சாக்கு மணம். கேட்டால், பேஸ்மென்டிலை வைச்ச கொத்தமல்லியிலை பூஞ்சணம் பிடிச்சிட்டுதாம். "அதுக்கென்ன, நல்லா வறுத்துத்தானே இடிச்சனான். எல்லாம் செத்திருக்கும்" எண்டா.

வறுத்தால் பூஞ்சணம் சாகும், அது விட்ட நஞ்சு போகாது, ஈரலைக் கெடுக்கும், தாய்ப்பாலிலையும் இறங்கும் எண்டு சொன்னன். "நாங்கள் இதுகளைத் திண்டு செத்தே போட்டம்?" எண்டு கேட்டா.

இவராவது எனக்காகக் கதைப்பார் எண்டு பார்த்தன். "அக்கா மினக்கெட்டுச் செய்தவ. மனம் நோகாமல் கொஞ்சம் சாப்பிடுமன்" எண்டார். போன கிழமை ஒரு துண்டிலை இருந்த பச்சைப் பூஞ்சணப் புள்ளிக்காக முழுப் பாணையும் குப்பையிலை எறிஞ்ச மனுசன்!

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மச்சாள் போனவுடனை அந்தத் தூளிலையே மீன்கறி வைச்சு இவரின்ரை சோத்திலை ஊத்தினன். வாயிலை வைக்கமுன்னம் மணந்து பார்த்திட்டுத் தள்ளிவிட்டார். "எனக்கு வேண்டாம், பூஞ்சணம் மணக்குது."

அவரின்ரை வாய்க்குள்ளை மட்டும் போகக்கூடாதாம்.

பிள்ளை அழுகிறாள். பால் குடுக்கவேணும்.